பொதுக் கட்டடத்தின் கதவும் புயற்காற்றும்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

புயல் என்றதும் நம் நினைவுக்கு வருவது கடற்கரைதான். ஆர்.கே.பேட்டை கடலிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், "புயலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னைக்கு அருகே கரையைக் கடந்த வர்தா புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசியது. கரையைக் கடந்ததும் அது அடங்கிவிடவில்லை. மேற்கு நோக்கி நிலத்தின் மேல் நகர்ந்த பின்னரே வலுவிழந்தது.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் குடும்பங்கள் பல, ஒரே கட்டடத்தில் மாடியும் கீழுமாகக் குடியிருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் தறி ஓடும் வீட்டிலேயே மேலே ஒரு குடித்தனம் இருக்கும். இத்தகைய கட்டடங்களின் சன்னல்களையும் கதவுகளையும் புயலுக்கு ஏற்றவாறு அமைப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

காற்றுக்கு எவ்வளவு பலம்?

இது நம் இயற்பியல் பாடத்தைச் சேர்ந்த கணக்கு. காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதி, அதன் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 33 மீட்டர். அப்போது இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வாசற்கதவின் மேல் ஏறத்தாழ 135 கிலோ எடைக்குச் சமமான விசை தாக்குகிறது. பெரியவர் இருவர் சேர்ந்து கதவின் மேல் சாய்ந்ததற்கு இது ஒப்பாகும்.

கட்டடங்களின் மீது காற்று விளைவிக்கும் விசைக்கான ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதியின் மூன்றாம் பாகம், சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், வேகத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. அழுத்தமோ இரண்டேகால் மடங்காகிறது. அதே கதவின் மேல் இப்போது 300 கிலோ!

சன்னல் உடைந்தால் கூரை போவது ஏன்?

காற்று வீட்டின் மேல் பாயும்போது கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. சன்னல் மூடியிருக்கும் வரை கூரை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சன்னல் உடைந்தாலோ, காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்தும் தள்ளுகிறது. மேலே இழுப்பு, கீழே தள்ளல் இரண்டும் சேர்ந்தால் தகரமும் சிமெண்டு அட்டையும் பறந்துவிடும்.

1974ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளின் அதிகாலையில், ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 'டிரேசி' புயல் தாக்கியது. ஒரு வீட்டிலிருந்து பறந்த துண்டு அடுத்த வீட்டின் சன்னலை உடைக்க, அந்த வீட்டின் கூரையும் பறந்தது. இவ்வாறே நகரின் வீடுகளில் பெரும்பகுதி அழிந்தது. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடாவில் 'ஆண்ட்ரூ' புயலும் இதே பாடத்தைக் கற்பித்தது. அதன் பின் மயாமிப் பகுதியில் சன்னல்களுக்குச் சோதனை வைத்தார்கள். சுமார் நான்கு கிலோ எடையுள்ள மரக்கட்டையை மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் சன்னலின் மேல் எய்கிறார்கள். தரையிலிருந்து 30 அடி உயரம் வரையுள்ள சன்னல்கள் இதைத் தாங்க வேண்டும். அதற்கு மேலே பெரிய பொருள்கள் பறந்து வருவது குறைவு என்பதால் சிறு குண்டுகளால் சோதிக்கிறார்கள்.

எதை எப்படிச் செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியை அன்று, நிலையை. கதவு நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் பக்கத்துக்கு மூன்றும், சன்னலுக்குப் பக்கத்துக்கு இரண்டும் காங்கிரீட்டில் பதிந்திருக்க வேண்டும். நிலை ஆடினால் எவ்வளவு நல்ல கதவும் பயன்படாது. வாசற்கதவுக்கு மூன்று கீல்களும், மேலும் கீழும் தாழ்ப்பாளும் தேவை. இரட்டைக் கதவானால் இரண்டு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் வேண்டும்.

சாதாரணக் கண்ணாடி கூரிய துண்டுகளாக உடையும். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி விரிசல் விட்டாலும் விழாமல் நிற்கும். அதன் விலை கட்டுப்படியாகாதவர்கள், முக்கால் அங்குல பிளைவுட் பலகைகளைச் சன்னல் அளவுக்கு வெட்டி, எண் எழுதி, போல்ட்டுக்கான துளைகளை மழைக்காலத்துக்கு முன்பே சுவரில் போட்டு வைக்கலாம். கண்ணாடியில் காகித நாடாவைக் குறுக்காக ஒட்டுவது அதற்கு வலிமை தராது. எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியேறிவிடும் என்பதும் தவறான எண்ணம். எல்லாவற்றையும் மூடுவதே பாதுகாப்பு. ஆனால் ஒரு வாசலாவது உள்ளிருந்து எளிதில் திறக்கும்படி இருத்தல் அவசியம்.

யாருடைய கதவு?

தோழியரே, பொதுக் கட்டடத்தில் மிகவும் கவனிக்கப்படாத கதவு மொட்டைமாடிக் கதவுதான். அது யார் வீட்டுக் கதவும் இல்லை. ஆகையால் அதற்குத் தாழ்ப்பாளும் இருப்பதில்லை. காற்றில் அது அடித்து உடைந்தால், மழைநீர் படிக்கட்டு வழியே இறங்கி, கீழே இருக்கும் மின்சார மீட்டர் பெட்டிக்கும் பாவில் ஏறிய நூலுக்கும் வந்து சேரும். மாடி வீட்டுக்காரர் நான்கு சன்னல்களுக்குச் செலவு செய்தாலும், இந்த ஒரு கதவு அதை வீணாக்கிவிடும்.

"வீட்டுக்காரர் செய்யட்டும்" என்பார் குடியிருப்பவர். "குடியிருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்பார் வீட்டுக்காரர். புயலோ இருவரையும் கேட்டு வருவதில்லை. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே கட்டடத்தில் உள்ள எல்லாரும் கூடி, ஒவ்வொரு நிலையையும் கையால் ஆட்டிப் பார்த்து, பழுதானவற்றைப் பட்டியலிட வேண்டும். பொதுக் கதவுகளை முதலில் எல்லார் பணத்திலும் சரிசெய்ய வேண்டும். இயலாத குடும்பத்தின் சன்னலுக்கும் மற்றவர்கள் உதவுவது தருமம் மட்டும் அன்று, தற்காப்பும் ஆகும்.

பாறையின் மேல் வீடு கட்டிய அறிவாளியைப் பற்றி இயேசு பெருமான் சொன்ன உவமையை நாம் அறிவோம். பெருமழையும் பெருங்காற்றும் மோதியும் அந்த வீடு விழவில்லை. பலர் சேர்ந்து வாழும் வீட்டுக்கு அயலார் மீது கொண்ட அக்கறையும் ஒரு பாறையே. இன்று மாலை வீடு திரும்பியதும், மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்து வருவோமாக!