முட்டை போகுது, பேச்சு போகலை

நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீடு. பொழுது சாய்ந்ததும் அந்த அம்மா செல்போனில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்: “சாப்ட்டியா சாமி? அப்பாவுக்குச் சளி தேவலாம்.” விரலை எடுத்ததும் பேச்சு துபாய்க்குப் போய்விடுகிறது. மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து மைக்கை அழுத்தினால்தான் பதில்.

நேராகக் கூப்பிட்டுப் பேசினால் என்ன? ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாக எழுத்து போகும், படம் போகும், வாய்ஸ் மெசேஜ் போகும். அழைப்புக்கு மட்டும் தடை.

அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். வீடே டேப் ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும். இந்த வாய்ஸ் மெசேஜும் ஒரு கேசட்தான். நொடியில் போய்ச் சேர்கிறது, அவ்வளவே. “ஏன் குரல் கம்முது?” என்று இடைமறித்துக் கேட்க இதிலும் வழியில்லை.

வேகம் உண்டு, வழி இல்லை

இணைய வேகத்தில் உலகின் முன்வரிசை நாடு அமீரகம். அங்கே தொலைத்தொடர்பு உரிமம் ‘இ அண்ட்’ (பழைய எடிசலாட்), ‘டூ’ என்ற இரண்டு நிறுவனங்களிடம் இருக்கிறது. இரண்டிலும் அரசுக்குப் பங்கு உண்டு. இணையவழிக் குரல் சேவையை உரிமம் பெற்றவர்கள் மூலமாகத்தான் தரலாம் என்பது விதி. ‘போட்டிம்’ போன்ற அனுமதி பெற்ற செயலிகளில் பேச, மாதம் 50 திர்ஹாமுக்குத் தனி பிளான் வந்தது. மாதம் 1,000 திர்ஹாம் சம்பளக்காரருக்கு இது இருபதில் ஒரு பங்கு.

வி.பி.என். போட்டுக் குறுக்கு வழியில் போகலாமா? இணைய முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எழுத்திலும் ஜாக்கிரதை வேண்டும்: இணையத்தில் வதந்தி பரப்பினால் குறைந்தது ஓராண்டு சிறை, ஒரு லட்சம் திர்ஹாம் அபராதம் என்கிறது 2021 சட்டம். மனித உரிமை ஆர்வலர் அகமது மன்சூருக்குச் சமூக ஊடகப் பதிவுகளுக்காக 2018-இல் விதித்தது 10 ஆண்டு சிறை. அரசியல் ஃபார்வேர்டு எதையும் மகனுக்கு அனுப்புவதில்லை என்று இந்த வீட்டிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

நம்ம ஊர்க் கணக்கு

இங்கே டேட்டா மலிவு. 2024 ஜூலையில் விலை ஏறிய பிறகும் ஜியோவின் 299 ரூபாய் பிளானில் 28 நாளைக்குத் தினம் 1.5 ஜிபி. ஒரு ஜிபி ஏழு ரூபாய்தான், டீயைவிடக் குறைவு. நாமக்கல்லில் முட்டை விலையே வாட்ஸ்அப்பில்தான் சுற்றுகிறது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்.இ.சி.சி.) அறிவித்த விலை என்ன, அதில் வியாபாரிகள் குறைக்கும் ‘மைனஸ்’ எவ்வளவு என்று பண்ணைக்காரர் கோழிக்கொட்டகையில் நின்றபடியே பார்த்துவிடுகிறார்.

ஆனால் மலிவாகக் கிடைப்பது வேறு, பறிபோகாமல் இருப்பது வேறு. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். ஒரு ஜிபி என்ன விலை என்று அன்று யாரும் கேட்கவில்லை. காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவை வெளியிட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், காஷ்மீரில் இணையத்தை முடக்கியது பற்றிய வழக்கில் சொன்னது.

அங்கே ஒரு கதவை நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறார்கள். இங்கே எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கிறது, சாவி மட்டும் நம்மிடம் இல்லை. ரீசார்ஜ் விலை ஏறினால் கொதிக்கிற நாம், அந்தச் சாவியைப் பற்றிப் பேசுவது குறைவு.

நாமக்கல் முட்டை குளிரூட்டிய கன்டெய்னரில் ஏறி, கடல் தாண்டி வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ராசிபுரத்து அம்மா இன்னொரு தடவை மைக்கை அழுத்துகிறார். ஒவ்வொரு மெசேஜையும் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்: “சரி சாமி, வெச்சர்றேன்.”

வைப்பதற்கு, மறுமுனையில் லைனில் யாருமில்லை.