பெட்டிச் சாவி யாரிடம்?

சீர்காழியை அடுத்த ஒரு நெல் அரைவை மில். ஆவணி கடைசி. குறுவை நெல் வரத் தொடங்கிவிட்டதால் இராத்திரியும் மில் ஓடுகிறது. கணக்கறைச் சுவரில் சிவப்புச் சிலுவை போட்ட தகரப் பெட்டி ஒன்று தொங்கியது. திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சாவி மேலாளரிடம் இருந்தது. அவர் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுபவர். பகலில் போனதால் திறக்க முடிந்தது. உள்ளே காய்ந்துபோன டிஞ்சர் புட்டி, மஞ்சளாகிவிட்ட பஞ்சு, ஒரு தைல டப்பா. அடியில் பழைய ரசீதுப் புத்தகங்கள் இரண்டு.

அந்த மில்லிலிருந்து இரண்டு பேர் அடுத்த வாரம் முதலுதவிப் பயிற்சிக்குப் போகிறார்கள். முதலில் முதலாளி அனுப்ப நினைத்தது கணக்குப்பிள்ளையையும் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனையும். படித்தவர்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் அடிபடுகிற இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. அடிபடுகிற நேரத்திலும் இருப்பதில்லை. இதைப் பேசிப் பார்த்த பிறகு பட்டியல் மாறியது. இப்போது போவது இராத்திரி ஷிப்ட் பாய்லர்காரரும், களத்தில் நெல் காயவைக்கும் ஒரு அக்காவும். பயிற்சிக்குத் தயாராவதில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

முதலுதவி என்ற பாடமே தொழிலாளர்களுக்காகப் பரவியதுதான். 1877இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் தொடங்கியபோது அதன் வகுப்புகள் சுரங்கங்களையும் ரயில்வேயையும் சுற்றியே நடந்தன. மறு ஆண்டு லண்டனை ஒட்டிய வுல்விச்சில் பீட்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ மருத்துவர் பொதுமக்களுக்கு வகுப்பெடுத்தார். டாக்டர் வருவதற்குள் பக்கத்தில் நிற்பவன் என்ன செய்யலாம் என்பதுதான் அன்றும் பாடம், இன்றும் பாடம். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு இதைத் தெளிவாக எழுதி வைத்தது. 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும். விதித்த பொருள்களைத் தவிர வேறெதையும் அதில் வைக்கக் கூடாது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் பொறுப்பில் அது இருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 500 பேருக்கு மேல் வேலை செய்தால் தனி ஆம்புலன்ஸ் அறையே வேண்டும். 2020இல் வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் பெட்டியையும் அந்த அறையையும் விட்டுவிடவில்லை. எழுத்தில் குறை இல்லை. சாவிதான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறது.

“போறதுக்கு முன்னாடி என்னா படிச்சுக்கிட்டுப் போகணும் தம்பி?” என்று அந்த அக்கா கேட்டார்.

ஒன்றும் படிக்க வேண்டாம், மில்லை ஒருமுறை சுற்றி வாருங்கள் என்றேன். புத்தகத்தில் இருப்பதை அவர்கள் சொல்லித் தருவார்கள். இந்த மில்லில் யாருக்கு, எந்த நேரத்தில், எதனால் அடிபடும் என்பது சொல்லித் தருகிறவருக்குத் தெரியாது. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மூவருமாகச் சுற்றினோம். பாய்லர்காரர் கையில் ஒரு நோட்டு.

முதலில் எலிவேட்டர் பெல்ட். மூடி கழற்றிக் கிடந்தது. பெல்ட் நழுவும்போது கையால் தள்ளிவிடும் பழக்கம் எல்லா மில்லிலும் உண்டு. விரல் போவது அப்படித்தான். விரல் துண்டாகிவிட்டால் முதல் வேலை, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, இரத்தத்தை நிறுத்துவது. அடுத்தது அந்தத் துண்டு. அதை ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ்கட்டிமேல் நேராகப் போட்டால் சதை கருகிப்போகும், பிறகு ஒட்டவைக்க முடியாது. பதற்றத்தில் இதைத்தான் பலரும் தவறாகச் செய்கிறார்கள். நோட்டில் முதல் கேள்வி விழுந்தது: “இராத்திரி இரண்டு மணிக்கு ஐசுக்கு எங்கே போவது?” மில் வாசல் டீக்கடையில் ஃபிரிட்ஜ் இருக்கிறதாம். கடைக்காரர் செல் நம்பரும் நோட்டில் ஏறியது.

அடுத்தது நெல் அவிக்கும் இடம். நீராவிக் குழாயின் வால்வு பக்கம் பாய்லர்காரரே இரண்டு முறை சுட்டுக்கொண்டிருக்கிறார். முன்கையில் தழும்பு. அப்போது என்ன செய்தீர்கள் என்றேன். “இங்க்கு ஊத்துனாங்க சார். அப்பறம் பேஸ்ட்டு தடவுனாங்க.” இங்க், பற்பசை, தோசை மாவு, மஞ்சள் எதுவுமே கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். வளையல், மோதிரம், கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன்னே கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. இருபது நிமிஷம் என்பது கேட்க எளிது, நிற்கக் கஷ்டம். சுட்டுக்கொண்டவரை அவ்வளவு நேரம் குழாயடியில் நிறுத்தி வைப்பதற்கு ஒருவர் அருகில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இங்கேயும் கிடைத்தது: முகத்தில் நீராவி அடித்தால், மூச்சுக்குழாய் வெந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மோட்டார் கொட்டகையில் மெயின் சுவிட்ச் எது என்று அந்த அக்காவுக்குத் தெரியவில்லை. அங்கே பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறார். யாரும் காட்டியதில்லை. மின்சாரம் பிடித்தவரைத் தொட்டால் தொட்டவரும் போவார். முதலில் மெயினை இறக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்க வேண்டும். இது மில்லுக்குள் இருக்கும் மின்சாரத்துக்குத்தான். மேலே போகும் உயரழுத்தக் கம்பிக்குக் கட்டையும் காப்பில்லை, தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்வது ஒன்றே வழி. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்ததை டெல்டாவில் யாரும் மறக்கவில்லை. சுவிட்சை அந்த அக்கா தன் கையாலேயே ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். பயிற்சிக்கு முன்பே கற்ற முதல் பாடம் அது.

மில்லோடு வேலை முடிவதில்லை. இந்த ஊரில் பணியிடம் என்றால் வயலும் களமும் கொள்முதல் நிலையமும் சேர்ந்ததுதான். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு முறை வரும்வரை காவல் காக்கும் விவசாயிகள் அங்கேயே தார்ப்பாயில் படுத்துவிடுகிறார்கள். நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது, தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல். “ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல” என்று கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். தரையில் படுத்தவர் எழுந்ததும் கண் சொருகினால் பாம்புக்கடி என்றே எண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடிவாயைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, தைரியம் சொல்லி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடித்த நேரத்தைச் சொல்ல வேண்டும். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் நம் நாட்டில் ஒரே மருந்துதான். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களும் நம்மவர்கள்தான்: மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. டெல்டாவில் முதலுதவி வகுப்பு எடுப்பவர் பாம்புக்கடியைக் கடைசிப் பத்து நிமிஷத்துக்குத் தள்ளினால், கையைத் தூக்கிக் கேளுங்கள். இங்கே அது முதல் பாடமாக இருக்க வேண்டும்.

பூச்சிமருந்தும் அப்படியே. தெளிக்கும்போது மயங்கியவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடுப்பைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தூக்குகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாலிதீன் பையையாவது கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். வாயில் போயிருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது பெருந்தவறு. மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அதிலிருக்கும் முக்கோணத்தின் நிறமும் மருந்தின் பெயரும் டாக்டருக்கு வேண்டும்.

தயாராவதில் இன்னொரு பாதி, தெரிந்ததை மறப்பது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவருக்கு அடிக்கடி வலிப்பு வரும். வந்ததும் நாலு பேர் ஓடிப் போய் கையில் சாவிக்கொத்தைத் திணித்து, கால்களை அமுக்கிப் பிடிப்பார்கள். நானும் ஒருமுறை சாவி எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, தானாகத்தான் நிற்கிறது. அமுக்கிப் பிடித்ததால் ஒருநாள் அவர் தோள் பிசகியது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சுற்றியிருக்கும் கல்லையும் கம்பியையும் நகர்த்துவது, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைப்பது, உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, மணியைப் பார்ப்பது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. அன்று எங்களில் ஒருவருக்காவது இது தெரிந்திருந்தால் அவர் வலிப்போடு தோள் வலியையும் சுமந்திருக்க மாட்டார்.

“கேஸ் ஆயிடுமே சார்” என்றார் பாய்லர்காரர். இந்தப் பயத்தையும் வகுப்புக்குப் போகுமுன் இறக்கி வைத்துவிட வேண்டும். சாலை விபத்தில் உதவுகிறவரைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016இல் வழிகாட்டு நெறிகளை நிலைநாட்டியது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது, பெயரைச் சொல்லும்படியும் கட்டாயப்படுத்த முடியாது. செலவைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைத்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நெஞ்சுவலிக்கு, 2023 ஜூனில் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. உங்கள் மில்லுக்கு அருகில் அது எங்கே இருக்கிறது என்பதை இப்போதே போய்ப் பார்த்து வர வேண்டும்.

வகுப்பு நாளுக்கென்று சில சின்னச் சங்கதிகள். பொம்மைமேல் குனிந்து, தரையில் முட்டி போட்டு நெஞ்சை அழுத்திப் பழக வேண்டியிருக்கும். அதனால் சேலையை விடச் சுடிதார் வசதி, வேட்டியை விடப் பேன்ட். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள், வளையலைக் கழற்றி வையுங்கள். முட்டிவலி, முதுகுவலி, கர்ப்பம் இருந்தால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்கள், இரண்டு நிமிஷம் நெஞ்சை அழுத்தினாலே வியர்த்துவிடும்.

அந்த அழுத்தத்துக்கு ஓர் அளவு உண்டு. மூச்சும் பேச்சும் இல்லாமல் விழுந்தவரின் மார்பு நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கித்தான் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் மார்பழுத்தம் மட்டுமே போதும் என்று பொதுமக்களுக்கான எளிய முறையை இந்தியாவின் மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் வகுத்துக் கொடுத்தார்கள். 120 என்றால் நொடிக்கு இரண்டு தட்டு. தவில் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. கடிகாரத்தைப் பார்த்து நொடிக்கு இரண்டாகத் தொடையில் தட்டிப் பழகுங்கள் என்றேன். அந்த அக்கா உடனே நெல் மூட்டைமேல் தட்டிப் பார்த்தார். கணக்குத் தப்பவில்லை.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை யோசிக்கவைத்தது. “கத்துக்கிட்டு வந்துடுறேன். அடிபட்ட எடத்துல நான் சொன்னா யாரு தம்பி கேப்பா? போம்மா அந்தாண்டன்னுவாங்க.”

நடவிலும் களையெடுப்பிலும் களத்திலும் பெரும்பகுதி பெண்கள்தான். ஒரு பெண் மயங்கி விழுந்தால் தொட்டுத் தூக்க ஆண்கள் தயங்கி நிற்கும் சில நிமிஷங்கள் எவ்வளவு விலையுள்ளவை என்று சொல்லத் தேவையில்லை. பெண்களை அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பினால் மட்டும் போதாது. திரும்பி வந்த அன்று எல்லாரையும் கூட்டி, இனி அடிபட்டால் இவர்கள் இருவர் சொல்வதுதான் பேச்சு என்று முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். இதை அவரிடமும் சொன்னேன். சொல்கிறேன் என்றிருக்கிறார்.

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பிரளயத்தில் தோணியாக மிதந்ததாகப் புராணம் சொல்லும் இந்தத் தோணிபுரம், அன்று தண்ணீருக்குள் நின்றது. வயலெல்லாம் கடல்போல் கிடந்த அந்த நாள்களில் எந்த வண்டியும் நினைத்த நேரத்துக்கு வர முடியாது. 2008 முதல் நம் வாசலுக்கு வரும் 108 வண்டியும் அதற்கு விலக்கில்லை. அப்படிப்பட்ட நாளில் கையருகில் இருக்கும் ஆள்தான் வைத்தியர். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

நான் கிளம்பும்போது பெட்டியிலிருந்து ரசீதுப் புத்தகங்கள் வெளியே வந்திருந்தன. பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மில்லோ, பட்டறையோ, பள்ளிக்கூடமோ, நீங்கள் வேலை செய்யும் இடத்திலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். நாளைக் காலை போனதும் அதைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பூட்டியிருந்தால் பூட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.