மேஜர் ரொஜர்ஸும் ஊவாவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயம் 1857ஆம் ஆண்டு திருநிலைப்படுத்தப்பட்டது. அதனுள்ளே பதிக்கப்பெற்ற நினைவுக்கல், சிலோன் ரைபிள் படைப்பிரிவின் மேஜரும் பதுளையின் உதவி அரசாங்க அதிபரும் மாவட்ட நீதிபதியுமாயிருந்த தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் ஞாபகார்த்தமாக, அவருடைய நண்பர்களும் அறிந்தோரும் அபிமானிகளுமான 'எல்லா வகுப்பினராலும்' அவ்வாலயம் எழுப்பப்பட்டது என்னும் கருத்தைத் தெரிவிக்கின்றது. இவ்வகுப்பினர் யாவர்? அவர்கள் நினைவுகூர விரும்பியது எதனை? இவ்வினாக்களுக்கு விடை காணுமிடத்து, ஒரு படையதிகாரியின் வாழ்க்கை ஒரு பிரதேசத்தின் வரலாற்றோடு எவ்வாறு பிணைந்து கிடக்கின்றது என்பது புலனாகும்.

ரொஜர்ஸ் வந்து சேர்ந்த ஊவா அமைதியான நாடன்று. அஃது அமைதியாக்கப்பட்ட நாடு. 1817-1818ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கிளர்ச்சியை ஆங்கில ஆட்சி கடும் அழிவின் மூலமே அடக்கிற்று. வயல்கள் பாழாக்கப்பட்டன, நெற்களஞ்சியங்கள் எரிக்கப்பட்டன, கால்நடைகள் அழிக்கப்பட்டன. கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான கெப்பிட்டிபொல 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். மக்கள் கைவிட்ட நிலங்களிற் காடு மீண்டும் ஏறியது. போரிடும் தேவை முடிந்த பின்னர், படை ஆற்ற வேண்டிய பணி மாறியது. வென்ற நிலத்தை ஆளவும் அளக்கவும் திறந்துவிடவும் அதே படையதிகாரிகள் அமர்த்தப்பட்டனர்.

ரொஜர்ஸ் வகித்த பதவிகளை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். முதலில் அலுப்பொத்தையிலும் பின்னர் பதுளையிலும் அவர் ஆட்சி செய்தார். வரியை அறவிடுபவரும், பாதைகளை அமைப்பிப்பவரும், வழக்கைத் தீர்ப்பவரும், ஆயுதம் தாங்கியவரும் ஒருவரேயாயினர். ஆளும் அதிகாரத்தின் பல்வேறு முகங்கள் ஒரே உடலில் குடிகொண்டன என்று கூறுதல் பொருந்தும். அவர் அமைத்த பாதைகளையும் ஆற்றிய நிர்வாகப் பணிகளையும் சமகால ஆங்கிலேயர் புகழ்ந்தனர். அப்புகழ்ச்சி முற்றும் பொய்யென நாம் கருதவில்லை. எனினும் அப்பாதைகள் யாருக்காக அமைந்தன என்ற வினா எஞ்சுகின்றது.

ரொஜர்ஸின் பெயர் இன்றும் வழங்குவதற்குக் காரணம் நிர்வாகமன்று, யானை வேட்டையே. அவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். 1844ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த புருசிய இளவரசர் வல்டெமாரின் மருத்துவர் ஹொவ்மைஸ்டர், ரொஜர்ஸின் இல்லம் தந்தங்களால் நிறைந்திருந்ததையும், கொல்லப்பட்டவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவை தந்தமுடையவையாயிருந்ததையும் தம் பயணக் குறிப்பிற் பதிவுசெய்தார். தந்தத்தை விற்ற பணத்தைக் கொண்டே ரொஜர்ஸ் தமது படைப் பதவி உயர்வுகளை விலைக்கு வாங்கினார் என்றொரு கதையும் வழங்கிவருகின்றது.

அக்காலப் பிரித்தானியப் படையில் அதிகாரிப் பதவி விலைக்கு வாங்கப்படும் பண்டமாகவே இருந்தது. 1871ஆம் ஆண்டிலேயே இம்முறை ஒழிக்கப்பட்டது. புருசியாவில் நிலப்பிரபுக்களான யுங்கர் குடும்பங்கள் பிறப்புரிமையாற் பெற்றதை இங்கிலாந்தில் பணம் பெற்றுத் தந்தது. ஆதலால் அக்கதை நிகழ முடியாததன்று. ஆயினும் அதுவே வேட்டையின் முழு விளக்கமாகாது. இலங்கை யானைகளுட் பெரும்பாலானவை தந்தமற்றவை. ஆயிரத்து நானூறுள் ஏறத்தாழ அறுபதே தந்தம் தந்தனவெனின், எஞ்சிய ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவை எதற்காக மாண்டன?

விடையின் ஒரு பகுதி ஆளும் வர்க்கத்தின் பொழுதுபோக்கு. மறுபகுதி அரசின் கொள்கை. யானைக்குத் தலைக்கு இவ்வளவு என அரசு சன்மானம் வழங்கிற்று. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851-1856 காலப்பகுதியில் தென்மாகாணத்தில் 2,000 யானைகளுக்கும் சன்மானம் வழங்கப்பட்டதாக டெனன்ற் கூறுகிறார். எனவே ரொஜர்ஸை ஒரு தனிமனிதக் கொடியவராக மட்டுங் காண்பது போதாது. அவருடைய துவக்கு ஒரு பொருளாதாரத்தின் முன்னணியிற் சென்ற துவக்காகும்.

அப்பொருளாதாரம் கோப்பிப் பயிர்ச்செய்கை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவெனக் கொண்டது. கிராமத்தவர் சேனைப் பயிரிட்டும் மாடு மேய்த்தும் பயன்கொண்ட காடுகள் ஏக்கர் ஐந்து சிலிங் விலையில் விற்பனைக்கு வந்தன. 1844இல் அவ்விலை இருபது சிலிங்காக உயர்த்தப்பட்டது. வாங்கியோருள் உயரதிகாரிகளும் நீதிபதிகளும் படையினரும் இருந்தனர். 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டமையால் கட்டாய உழைப்பு சட்டப்படி இல்லாதொழிந்தது. நிலமிழந்தும் முற்றாக நிலமற்றவராகாத சிங்களக் குடியானவர் தோட்டத்தின் நிரந்தரக் கூலியாக விரும்பவில்லை. ஆகவே உழைப்பு தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்தது. மன்னாரில் இறங்கிக் காட்டுவழியாக நடந்து மலையேறிய அம்மக்களுள் பலர் தோட்டத்தைக் காணுமுன்பே காய்ச்சலாலும் பேதியாலும் பட்டினியாலும் மடிந்தனர். 1841 முதல் 1849 வரை வந்தவருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நான்கிலொரு பங்கினர், இறந்தனரென 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை மதிப்பிட்டது.

1845 யூன் 7ஆந் திகதி அப்புத்தளையில் இடி மின்னலுடன் பெருமழை பெய்தது. தங்கியிருந்த விடுதியின் விறாந்தைக்கு வந்த ரொஜர்ஸ் மின்னல் தாக்கி மாண்டார். அவரது உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறை மீதும் பின்னர் இடி விழுந்து கல் பிளந்தது என்பர். அதே ஆண்டு டிசம்பரில், முதலாம் ஆங்கில-சீக்கியப் போரின் பெரோசா யுத்தத்திலே ஹொவ்மைஸ்டர் கொல்லப்பட்டார். அப்போர்க்களத்தில் உடனிருந்த வல்டெமார் புருசியப் படையின் மேஜர் ஜெனரல் நிலையை எய்தி, 1849இல் தமது முப்பத்தோராவது வயதில் இறந்தார். வேட்டைக்காட்டிலிருந்து போர்க்களத்துக்குச் செல்லும் வழி அக்காலத்தில் மிகக் குறுகியதாகவே இருந்தது.

யானைகளைக் கொன்ற பாவமே மின்னலாக வந்தது என்பது பொதுமக்கள் கூற்று. பகுத்தறிவு நோக்கில் இதனை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. அதனை அவ்வாறு தள்ளிவிட நாம் விரும்பவில்லை. நீதிபதியே ஆட்சியாளனாகவும் இருந்த நாட்டில், அவன்மேல் வழக்குரைக்க மன்றம் ஏதுமிருக்கவில்லை. மன்றமற்ற மக்கள் வானத்தை மன்றமாக்கினர். அவ்வகையில் அக்கதை ஒரு தீர்ப்பாகும். ஆனால் அத்தீர்ப்பு ஒருவரைத் தண்டித்து, அவரைத் தோற்றுவித்த அமைப்பை விட்டுவிடுகின்றது. ரொஜர்ஸ் மாண்டார், கோப்பி வளர்ந்தது. 1848இல் வீதிச் சட்டம் ஆண்டுக்கு ஆறுநாள் உழைப்பை அல்லது மூன்று சிலிங் பணத்தைக் குடிகள்மேற் சுமத்திற்று. 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. உழைத்தோரின் வழித்தோன்றல்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். நினைவுக்கல் குறிக்கும் 'எல்லா வகுப்பினர்' பெயர் சொல்லிக் கல் நாட்ட வல்லவர். வடக்குப் பாதையோரத்தில் விழுந்தவர்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. இறந்த யானைகளின் தொகையேனும் புகழ்ச்சிக்காகக் கணக்கிடப்பட்டது. மனிதரின் தொகையோ ஒரு பத்திரிகையின் மதிப்பீடாக எஞ்சியது. ஊவாத் தோட்டங்களின் வாய்மொழிப் பாடல்களையும், கோயிற் கதைகளையும், லயங்களில் முதியோர் கூறும் வழிப்பயண நினைவுகளையும் தொகுக்கும் பணி இதனாலேயே அவசரமாகின்றது. அத்தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவரே அதனை முதலில் மேற்கொள்ளத்தக்கவர். ரொஜர்ஸின் வரலாறு முழுமை பெறுவதும் அதன் பின்னரே.