எலுமிச்சை இலைத் துளைப்பான்

எலுமிச்சை இலைத் துளைப்பான் என்பது கிராசிலாரிடே குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறிய அந்துப்பூச்சி ஆகும். இதன் அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி ஆகியவற்றின் இளந்தளிர்களை இதன் புழு தாக்குகிறது. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சை வளர்ப்பவர்கள் பூச்சியைப் பார்த்திருக்க மாட்டார்கள். தளிரில் அது விட்டுச்செல்லும் வளைந்து நெளிந்த வெள்ளிக் கோட்டைப் பார்த்திருப்பார்கள். அதை நத்தை ஊர்ந்த தடம் என்று நினைப்பவர்களும் உண்டு.

வாழ்க்கைச் சுழற்சி

இறக்கையை விரித்தால் சுமார் 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்த அந்து, அந்தி நேரத்திலும் இரவிலும் இயங்கும். பெண் பூச்சி இளந்தளிரில் ஒவ்வொரு முட்டையாக இடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு நேரே இலைக்குள் நுழைந்துவிடும். மேல்தோலுக்கு அடியிலேயே செல்களைக் கீறிச் சாற்றை உறிஞ்சியபடி முன்னேறும். பச்சையம் நிறைந்த உட்பகுதியைத் தொடுவதில்லை. தோல் மட்டும் பிரிந்து காற்று புகுவதால்தான் அந்த வெள்ளி நிறம். கோட்டின் நடுவே ஓடும் கருமையான இழை புழுவின் கழிவு. கோடு தொடக்கத்தில் மெல்லியதாகவும் போகப்போக அகலமாகவும் இருக்கும். அகன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் நிறப் புழு தெரியும். மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

புழுப்பருவம் நான்கு நிலைகள் கொண்டது. கடைசி நிலையில் அது உண்பதில்லை. இலை விளிம்பை மடித்துப் பட்டிழையால் ஒட்டி, அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. வெப்பத்தைப் பொறுத்து முழுச் சுழற்சிக்கு 13 முதல் 52 நாட்கள் ஆகும்.

பரவல்

ஹென்றி ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் 1856-இல் கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைக் கொண்டு இதை முதன்முதலில் விவரித்தார். ஆசியப் பூச்சியான இது 1993-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே தென் அமெரிக்கா வரை பரவியது. உயிருள்ள செடிகளோடு இத்தகைய பூச்சிகள் கடல் கடக்கக்கூடும். துறைமுகங்களில் செடி, விதைகளைச் சோதிக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் இருப்பது இதனால்தான்.

பாதிப்பு

வளர்ந்த மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். நாற்றுகளும் சிறு செடிகளும்தான் வாடும். புழு கீறிய காயத்தின் வழியே சொறி நோய்ப் பாக்டீரியா நுழைவது இன்னும் பெரிய தொல்லை. இலைக்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் பல மருந்துகள் எட்டுவதில்லை. மாறாக, புழுவை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளையே அவை கொல்கின்றன. தளிர் விடும் சமயத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது நல்லது. ஊறுகாய்க்குப் பறிக்கும் வீட்டுச் செடிக்கு அதுவே போதும். கோடு விழுந்த இலைகளை எல்லாம் கிள்ளி எறியவும் வேண்டாம். பச்சை மிஞ்சிய இலை செடிக்கு இன்னும் உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும்.

தக்காளி இலையிலும் இதேபோன்ற வெள்ளைக் கோடுகள் காணப்படும். அவை பெரும்பாலும் லிரியோமைசா என்னும் சிறு ஈயின் புழுக்கள் போட்டவை, அந்துப்பூச்சியுடையவை அல்ல.