பத்தாம் வகுப்புக்குப் பின் யார் துணை?



ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் சபைகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுகளும் பைகளும் வழங்கப்படுகின்றன. உற்சாகமாய்க் கொடுக்கிற உங்களுக்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். ஆனால் அதே பிள்ளைக்குப் பதினைந்து வயதானதும் நம் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தான காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

2009-ம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் உரிமை தருகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு 14 முதல் 18 வயதுள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. மற்ற வேலைகளுக்குத் தடையில்லை. இந்த இடைவெளியில்தான் தரகர் வாசலில் வந்து நிற்கிறார். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு, மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாய் ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துப் போன ‘சுமங்கலித் திட்டம்’ பலருக்கு நினைவிருக்கும். தவணை முடியுமுன் உடம்பு கெட்டு, அந்தத் தொகையும் இல்லாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. அவர்களுடைய பெற்றோரைக் குறை சொல்வது எளிது. ஆனால் கடனில் தவிக்கும் வீட்டுக்குத் தரகர் மூன்று முறை வந்தார். சபையார் எத்தனை முறை போனோம்?

பணமில்லாததால்தான் படிப்பு நிற்கிறது என்று எண்ணுகிறோம். அது பாதி உண்மை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. குடும்பத்தில் முதன்முதலாய்ப் பட்டம் படிக்கிறவருக்குப் பொறியியல் போன்ற படிப்புகளில் கட்டணச் சலுகை உண்டு.

நம் சபைகள் முக்கியமாய் அறியவேண்டிய ஒன்று: ஆதிதிராவிடர் குடும்பங்களிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ‘மதம் மாறியாயிற்று, இனி நமக்கு எதுவும் கிடைக்காது’ என்று விண்ணப்பமே போடாத வீடுகள் உண்டு. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை, வருமான வரம்புக்கு உட்பட்டு, இந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு.

இவற்றுக்கு வேண்டியவை வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. இ-சேவை மையத்துக்கு இரண்டு தடவை அலைந்தால் கூலிக்காரத் தகப்பனுக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று. நம் சபைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவரும் இல்லையா? அவர் ஒரு காலைப்பொழுது கூடப் போனால், ஒரு வருட நன்கொடையால் ஆகாத காரியம் ஆகும். (ஞாயிறு பள்ளியே அப்படிப் பிறந்ததுதான். 1780-ல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ், வாரமெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளை ஓய்வுநாளில் கூட்டி வாசிக்கக் கற்பித்தார்.)

டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கிய காலமுதல், எளிய வீட்டுப் பெண்களுக்கு மிஷன் ஆஸ்பத்திரிகள் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கின்றன. வாசலுக்குள் வந்த பிறகும் கஷ்டம் இருக்கிறது. தமிழ் வழியில் பன்னிரண்டு முடித்த பிள்ளை, முதல் மாதத்திலேயே உடற்கூறு பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கவேண்டும். வகுப்பில் புரியாமல், விடுதியில் அழுது, ‘எனக்கு இது வராது’ என்று பெட்டி கட்டுகிற நேரம் அது. கட்டணத்தை நீங்கள் கட்டியிருப்பீர்கள். ஆனாலும் அந்த மாதத்தில் அவளுக்கு வேண்டியது, வாரந்தோறும் போனில் பேசுகிற ஒரு அக்கா, விடுமுறையில் ஆங்கிலம் சொல்லித்தருகிற ஒரு டீச்சரம்மா. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. திரும்பி வருவதாகவும் சொல்லிப் போனான். நம்மில் பலர் முதல் பகுதியோடு வீடு திரும்பிவிடுகிறோம்.

தேர்வில் தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே போங்கள். தேர்வு முடிவு வரும் வாரம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளுக்குப் பயமான வாரம். அப்போது புத்திமதி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதே வருடத்தில் துணைத் தேர்வு உண்டு என்று சொல்லுங்கள். 104, 14416 ஆகிய எண்களில் இலவசமாய் மனநல ஆலோசனை கிடைக்கும். மனமுடைந்த பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். உதவி செய்கிறவர் எவ்வளவு பக்தியுள்ளவராயினும், பிள்ளைகளைத் தனியே சந்திக்க வேண்டாம். எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும், பெற்றோருக்கும் தெரிந்திருக்கட்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தால் சபைக்குள் மூடிவைக்கக் கூடாது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. 1098 குழந்தைகள் உதவி எண். உதவி பெறுகிறவரை மேடையேற்றிக் காசோலையோடு படமெடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பதினேழு வயதுப் பையனுக்கு அது எத்தனை கூச்சம்!

மே மாதத்தில் தேர்வு முடிவுகள் வரும்போது ஓடுவதைவிட, மார்ச்சிலேயே போதகரும் வாலிபர் ஐக்கியத்தாரும் உட்கார்ந்து, 10, 12-ம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சபையில் ஒருவருடைய பெயரையும் எழுதுங்கள். ஆலயத்துக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகளையும், படிப்பை ஏற்கெனவே விட்டவர்களையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.