தலையிடாமையும் நடுநிலையும்: ஸ்பெயின் தரும் படிப்பினை

பிறநாட்டு உள்நாட்டு யுத்தமொன்றில் தலையிடாதிருப்பது நடுநிலையின் அடையாளமாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு 1936 முதல் 1939 வரை நீடித்த ஸ்பெயின் யுத்தம் தக்க சான்றாகும்.

1936 ஜூலை 17இல், ஸ்பெயினின் ஆதிக்கத்திலிருந்த வட மொரோக்கோவில் இராணுவக் கிளர்ச்சி வெடித்தது. தேர்தலின் வழி அமைந்த குடியரசு அரசாங்கத்தைக் கவிழ்ப்பதே அதன் நோக்கம். கடற்படையின் பெரும்பகுதி அரசாங்கத்தின் பக்கம் நின்றமையால், ஜெனரல் பிராங்கோவின் படை நீரிணையைக் கடக்க வழியின்றித் தேங்கியது. ஜெர்மனியும் இத்தாலியும் அனுப்பிய விமானங்களே அப்படையை ஸ்பெயின் மண்ணில் கொண்டு சேர்த்தன. அதில் இடம்பெற்ற மொரோக்கோ முஸ்லிம்களிற் பலர் வறுமையால் படையிற் சேர்ந்தவர்கள். தம் தாயகத்தை அடக்கியாண்ட தளபதிகளுக்காகவே அவர்கள் போரிட நேர்ந்தது.

சட்டபூர்வமான அரசாங்கமொன்று பிறநாடுகளிடம் ஆயுதம் வாங்குவது சர்வதேச வழக்கம் ஏற்ற உரிமையாகும். பிரெஞ்சுப் பிரதமர் லெயோன் புளூம் முதலில் உதவவே விரும்பினார். ஆயினும் உள்நாட்டுப் பிளவும் பிரித்தானியாவின் எதிர்ப்பும் அவரைத் தடுத்தன. ஆகஸ்டில் பிரான்ஸ் முன்வைத்த தலையிடா உடன்பாட்டை 27 ஐரோப்பிய நாடுகள் ஏற்றன. செப்டம்பர் 9இல் அதன் மேற்பார்வைக் குழு இலண்டனில் கூடியது.

ஜெர்மனியும் இத்தாலியும் அக்குழுவில் அமர்ந்துகொண்டே பிராங்கோவுக்குப் படையும் விமானமும் அனுப்பின. மற்றோர் உறுப்பு நாடான சோவியத் ஒன்றியம், ஸ்பெயினின் தங்கத்தைப் பெற்றுக்கொண்டு குடியரசுக்கு ஆயுதம் வழங்கியது. மீறியோரைத் தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு இருக்கவில்லை. 1937 ஏப்ரல் 26இல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குவெர்னிக்கா நகரை எரித்தன. அதன் பின்னரும் உடன்பாடு பெயரளவில் நீடித்தது.

குடியரசு மொரோக்கோவுக்குச் சுயாட்சி வழங்கியிருப்பின் பிராங்கோவின் படைத்திரட்டல் தளர்ந்திருக்கக்கூடும். 1936இல் மொரோக்கோ தேசியவாதிகளின் தூதுக்குழுவொன்று அதனையே கோரிற்று. தன் பங்கு மொரோக்கோவை ஆண்ட பிரான்ஸ் அதிருப்தியுறும் என்ற அச்சத்தால் அக்கோரிக்கை கைவிடப்பட்டது. ஆக, தலையிடாத நாட்டின் நிழலே அங்கும் குறுக்கே விழுந்தது.

1939 பெப்ரவரியில் பிரித்தானியாவும் பிரான்சும் பிராங்கோவின் ஆட்சியை அங்கீகரித்தன. ஏப்ரல் 1இல் யுத்தம் முடிந்தது. விதி இருதரப்புக்கும் ஒன்றாயிருப்பது மட்டும் நீதியாகாது. அதனை மதிப்பவனின் கை மாத்திரம் கட்டப்படும்போது, ஒதுங்கி நிற்பவனும் ஒரு தரப்பைச் சார்ந்தவனாகிவிடுகிறான் என்பதே நாம் பெறும் படிப்பினையாகும்.