திருப்பணிக்கு முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பண்டைக்காலச் சிற்பிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற வேலைகள் நீங்கலாக’ என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. மீமிசல் அடங்கிய வட்டத்தின் தலைமையூர்தான் அந்த ஆவுடையார்கோயில். கருங்கல்லை மரச்சட்டம் போலவும் கயிறு போலவும் இழைத்த அந்த வேலைக்குச் செலுத்திய வணக்கம் அவ்வாசகத்தில் உண்டு. எதற்கு நான் பொறுப்பு, எதற்கு இல்லை என்று எல்லை வகுக்கும் தெளிவும் அதில் உண்டு. இன்றைய கட்டட விதிநூல்களைப் படிப்பதற்கும் அத்தெளிவே முதல் தேவை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிடும் விதிநூல்கள் பொறியாளருக்கு உரியவை. நமக்கென்ன என்று பக்தர்கள் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் திருப்பணிக் குழுவில் அமர்பவர்களும் நன்கொடை அளிப்பவர்களும் நாமே. வங்கியில் ஒரு சுற்றறிக்கை வந்தால், அது எந்தக் கணக்கிற்கு, எந்தத் தேதி முதல் என்று பார்த்த பின்னரே வட்டி விகிதத்தைப் பார்ப்போம். விதிநூலில் காணும் எண்ணையும் அவ்வாறே நான்கு கேள்விகள் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

முதற்கேள்வி: இவ்விதி எந்தப் பொருளுக்கு உரியது? ‘ஐ.எஸ். 456’ என்னும் நூல் கான்கிரீட்டுக்கும் கம்பியிட்ட கான்கிரீட்டுக்கும் உரியது. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கருங்கல் மண்டபத்தைப் பற்றி அது பேசவில்லை. கல் தன் தலைமேல் ஏறும் பாரத்தை நன்கு தாங்கும். வளைக்கும் விசை மிகுந்தால் முறிந்துவிடும். அதனாலேயே நம் முன்னோர் தூண்களை நெருக்கமாக நிறுத்தி உத்திரக்கற்களைப் பாவினர். கான்கிரீட்டிலோ அவ்விழுவிசையைக் கம்பி ஏற்கிறது. இரண்டும் வெவ்வேறு உடல்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு ஆகாது. பழங்கற்களின் இணைப்பில் கெட்டிச் சிமென்ட்டைப் பூசினால், சுவருக்குள் புகுந்த ஈரம் அவ்வழியே வெளியேற இயலாமல் கல்லின் வழியே வெளியேறும். உடன்வரும் உப்பு கல்லின் மேற்பரப்பில் படிந்து, கல் பொரிந்து உதிரத் தொடங்கும். இவ்விடத்தில் ஸ்தபதியும் பழங்கட்டடப் பராமரிப்பில் பழகிய பொறியாளரும் சேர்ந்தே முடிவு சொல்ல வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எந்த இடத்திற்கு? கல்யாணராமர் எழுந்தருளியுள்ள மீமிசல் கடலோர ஊர். இங்கு புதிதாக ஒரு மடைப்பள்ளியோ அன்னதானக் கூடமோ கட்டும்போது, தளக்கம்பிக்குக் கீழே 15 மி.மீ. கான்கிரீட் போதும் என்று கூறப்பட்டால் அது முழுப் பொய்யன்று. கொத்தனார்கள் ‘கவர்’ என்று சொல்லும் இவ்வுறை, மென்மையான சூழலில் 20 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. 12 மி.மீ. வரையிலான கம்பிக்கு அதில் 5 மி.மீ. குறைக்கலாம் என்பது அடிக்குறிப்பு. ஆனால் அச்சலுகை மென்மையான சூழலுக்கு மட்டுமே. கடலோரத்தில் உப்புக்காற்று படாத மறைவிடம் எனில் 30 மி.மீ.; உப்புக்காற்று நேரே படுமிடம் எனில் 45 மி.மீ.; கான்கிரீட்டும் எம் 30 தரத்திற்குக் குறையலாகாது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆகவே உவர்நிலக் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் கலத்தல் தகாது. உப்பால் துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும்.

மூன்றாம் கேள்வி: எந்தப் பயனுக்கு? இது உயிரைப் பற்றிய கேள்வி. பராமரிப்புக்கு மட்டும் ஆள் ஏறும் சமதளக் கூரைக்கு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 கிலோ பாரமே ‘ஐ.எஸ். 875’ இரண்டாம் பகுதி கூறும் அளவு. ஏறிச்செல்லப் படியமைத்த கூரைக்கு 150 கிலோ. நிலையான இருக்கையின்றி மக்கள் கூடும் கூடத்தின் தரைக்கோ 500 கிலோ. குடமுழுக்கு நாளில் கலசத்தில் புனித நீர் விழுவதைக் காண மண்டபக் கூரையில் ஏறி நிற்கிறோம். ஒரு சதுர மீட்டரில் நால்வர் நெருங்கி நின்றாலே 240 கிலோ ஆகிவிடும். ‘இத்தளம் விதிப்படி கட்டப்பட்டது’ என்ற சான்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்தப் பாரத்திற்குக் கணக்கிட்டது என்பதே நாம் கேட்க வேண்டியது.

நான்காம் கேள்வி: எந்தக் காலத்து விதி? 1953-இல் வெளிவந்த ஐ.எஸ். 456 நூல் 1957, 1964, 1978, 2000 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1978 பதிப்பில் தளத்தின் கவருக்கு அடிப்படை அளவு 15 மி.மீ. மட்டுமே, தீங்கான சூழலில் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. 1985-இல் கட்டிய கூடத்தைப் பிற்கால அளவால் அளந்து, ‘தவறான கட்டடம், இடித்துவிடலாம்’ என்று முடிவு கட்டுதல் முறையன்று. கம்பி எவ்வளவு துருப்பிடித்துள்ளது, கான்கிரீட் எவ்வளவு உறுதியாக உள்ளது என்று சோதித்தறிய வேண்டும். ஐயம் எழும் கான்கிரீட் தளத்திற்கு அந்நூலே ஒரு சோதனையைக் கூறுகிறது. தளத்தின் சொந்தப் பாரத்துடன், அது தாங்க வேண்டிய பயன்பாட்டுப் பாரத்தின் ஒன்றேகால் மடங்கை ஏற்றி, 24 மணி நேரம் வைத்துத் தாழ்வை அளப்பர். பாரத்தை இறக்கிய 24 மணி நேரத்திற்குள் அத்தாழ்வில் முக்கால் பங்கேனும் மீளவில்லையெனில் மறுசோதனை வேண்டும். பொறியாளர் மேற்பார்வையின்றி இதைச் செய்யலாகாது. கருங்கல் மண்டபத்திற்கு இச்சோதனை உரியதன்று.

விதிநூலைப் புரட்டும் முன் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 1516-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி இராஜகோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. விரிசல் பெருகுவதைக் கண்டு, சுற்றியிருந்தோரை முன்னரே அகற்றியதால் உயிர்கள் தப்பின. விரிசல் கண்டால் சாந்து பூசி மறைப்பது முதல் வேலையன்று. அவ்விடத்தைவிட்டு மக்களை விலக்கி, விரிசல் வளர்கிறதா என்று தேதியிட்டுக் குறிப்பதே முதல் வேலை.

அடுத்த முறை திருப்பணிக் கூட்டத்தில் மதிப்பீடு வாசிக்கப்படும்போது, தொகையைக் கேட்பதோடு பெரியோர்கள் நின்றுவிட வேண்டாம். பொருள், இடம், பயன், காலம் ஆகிய நான்கையும் கேட்டு, பொறியாளரின் விடையை எழுத்தில் பெற்றுத் திருக்கோயில் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். நம் பேரப்பிள்ளைகள் அடுத்த குடமுழுக்கை நடத்தும்போது அந்த ஏடு அவர்களுக்கு வழிகாட்டும்.